அக்யூசேட்டிவ்: குற்றம் சாட்டாத வேற்றுமை

லத்தீன் இலக்கணத்தைத் தமிழில் விளக்க வருபவர்கள் 'அக்யூசேட்டிவ்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, 'குற்றம் சாட்டும் வேற்றுமை' என்று எழுதிவிடுவதுண்டு. சொல்லைப் பார்த்தால் சரி, பொருள் தவறு. இது கிட்டத்தட்ட நம் இரண்டாம் வேற்றுமை. 'முருகனைப் பார்த்தேன்' என்றால் முருகன் மேல் என்ன வழக்கு?

குழப்பம் கிரேக்கத்தில் தொடங்குகிறது. அங்கே இந்த வேற்றுமையின் பெயர் 'ஐத்தியாத்திகே'. அதன் வேர்ச்சொல்லான 'ஐத்தியா'வுக்குக் காரணம், பழி என்று இரண்டு பொருள். காரணம் என்ற பொருளை ஒட்டி, வினையால் விளைந்தது என்ற கருத்தில்தான் இலக்கணத்தார் பெயர் வைத்தார்கள் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 'வீட்டைக் கட்டினான்' என்பதில் கட்டுவதன் விளைவு வீடு. உரோமாபுரி அறிஞர் வர்ரோ (கி.மு. 116–27) பழி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சாட்டுதலைக் குறிக்கும் 'அக்கூசாரே' என்ற வினையிலிருந்து பெயரை அமைத்தார். 'அக்கூசாதீவுஸ்' என்ற பெயரடை அந்த வழியில் நிலைத்தது. 'காசுஸ்' (வேற்றுமை) ஆண்பால் பெயர் என்பதால் இதற்கும் ஆண்பால் ஈறு.

வர்ரோவை உடனே மட்டந்தட்ட வேண்டாம். 'அக்கூசாரே' என்பதே 'அத்' என்ற முன்னொட்டும் 'கௌசா'வும் சேர்ந்தது. 'கௌசா' காரணத்தையும் குறிக்கும், நீதிமன்ற வழக்கையும் குறிக்கும். கிரேக்கச் சொல்லின் இரட்டைப் பொருள் லத்தீனிலும் பாதி ஒளிந்திருந்தது. ரஷ்ய மொழியிலும் இதே கதைதான்: இந்த வேற்றுமையின் பெயர் 'வினா' என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய சிலாவிய மொழியில் அது காரணம், குற்றம் இரண்டையும் குறித்தது. இன்றைய ரஷ்யனில் குற்றம்தான் முன்னே நிற்கிறது. (நம் 'வினா'வுக்கும் இதற்கும் உறவில்லை.)

கி.பி. 500ஐ ஒட்டி வாழ்ந்த லத்தீன் இலக்கண ஆசிரியர் பிரிஸ்கியன் 'கௌசாதீவுஸ்' என்ற மாற்றுப் பெயரையும் தருகிறார். இதைப் படித்துவிட்டு இன்றைய 'காசேட்டிவ்' இதுதான் என்று நினைப்பது அடுத்த சறுக்கல். அது 'செய்வித்தான்', 'நடத்தினான்' போன்ற பிறவினை; வேற்றுமையே அல்ல.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, அக்யூசேட்டிவ் என்றாலே செயப்படுபொருள் என்று முடிவுகட்டுவது. அக்யூசேட்டிவ் என்பது சொல்லின் வடிவம், செயப்படுபொருள் என்பது வாக்கியத்தில் அது வகிக்கும் இடம். லத்தீனில் 'ரோமாம் இயோ' என்றால் 'உரோமுக்குப் போகிறேன்'. இங்கே 'ரோமாம்' அக்யூசேட்டிவ். ஆனால் அது போகும் இடம், செயப்படுபொருள் இல்லை. 'மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்' என்று கால அளவைச் சொல்லவும் இதே வடிவம் வரும். மறுபக்கம், 'பயன்படுத்து' என்ற பொருள்தரும் 'ஊத்தோர்' வினை தன் பொருளுக்கு அக்யூசேட்டிவைக் கேட்பதில்லை, அப்லேட்டிவைக் ('ஆல்', 'இலிருந்து' போன்ற பொருள்தரும் லத்தீன் வேற்றுமை) கேட்கும். தமிழிலும் இப்படித்தான்: 'மரம் வெட்டினான்' என்பதில் செயப்படுபொருள் உண்டு, ஐ உருபு இல்லை. 'ஊரை அடைந்தான்' என்பதில் உருபு உண்டு, ஊருக்கு எதுவும் நேரவில்லை. நன்னூல் ஐ உருபுக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை எனப் பொருள்களைப் பட்டியலிடுவது இதனால்தான். அதில் முதலில் நிற்கும் ஆக்கல், கிரேக்கப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கத்தோடு ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. அது தற்செயல், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததற்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

மொழியியல் கட்டுரைகளில் 'அன்அக்யூசேட்டிவ்' வரும்போது 'குற்றம் சாட்டாத' என்று பெயர்த்தால் வாக்கியமே நகைப்புக்கிடமாகும். மொழியியலாளர் பெர்ல்மட்டர் 1978இல் வெளியிட்ட கட்டுரையால் பரவிய சொல் அது. 'மரம் விழுந்தது' என்பதில் மரம் எழுவாய். ஆனாலும் தானாக எதுவும் செய்யவில்லை, அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. எழுவாயாக நின்றாலும் செயப்படுபொருளைப் போல நடந்துகொள்ளும் ஒரே பெயரைக் கொண்ட இத்தகைய வினைகளுக்கே அந்தப் பெயர். தன்முயற்சியைக் காட்டும் 'ஓடினான்', 'சிரித்தான்' அதில் சேராது; இரண்டையும் 'செயப்படுபொருள் குன்றிய வினை' என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டால் அந்தக் கட்டுரையின் வாதமே காணாமல் போய்விடும். தமிழில் எழுதும்போது வேற்றுமைக்கு 'இரண்டாம் வேற்றுமை' அல்லது 'ஐ வேற்றுமை' போதும். வினைக்கு 'அன்அக்யூசேட்டிவ்' என்றே ஒலிபெயர்த்து, முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தரலாம்.