உவர்த் தண்ணீர் ஊரில் கறவை மாட்டுக்குத் தாது உப்பு: முதன்முறை கொடுப்போருக்கு

முதலில் மாடு குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள், தாது உப்பு அப்புறம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், சாயல்குடி பக்கம் கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பு. கோடையில் இன்னும் ஏறும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 3000-க்குள் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் போனால் பழகாத மாடு கழியும், தண்ணீரைக் குறைக்கும். 5000-ஐத் தாண்டியதைக் கறவைக்கும் சினைக்கும் வைக்க வேண்டாம். ஊருணித் தண்ணீரோ மழைநீரோ கலந்து இறக்குங்கள்.

இனி தாது உப்புக் கலவை. சாதா உப்பு சேர்த்தது, சாதா உப்பில்லாதது என இரண்டு வகை உண்டு. உவர்த் தண்ணீர் குடிக்கும் மாட்டுக்கு உப்பில்லாததே சரி. மூட்டையில் கால்சியம், பாஸ்பரஸோடு தாமிரம், துத்தநாகம், அயோடின், கோபால்ட்டும் அச்சாகியிருக்க வேண்டும். கால்சியம் டானிக் இதற்கு ஈடாகாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது வேண்டவே வேண்டாம், வாயும் குடலும் வெந்துவிடும்.

கறவைப் பசுவுக்கு நாளுக்கு 50 கிராம் என்று வையுங்கள்; மூட்டையில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. சமையல் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கரண்டியை ஒதுக்கிவிடுங்கள். காலை பாதி, மாலை பாதி, லேசாக ஈரம் தெளித்த தீவனத்தில் பிசறுங்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் அடியில் தங்கிவிடும். கடல்காற்றின் ஈரத்தில் தூள் கட்டிபிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். வைக்கோலும் தவிடுமே தீனியாக இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடக் கூடாது: வைக்கோலின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ்தான் மிகுதி. பால் மறுநாளே ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். சினைப் பிடிப்பில் பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

பலர் சறுக்குவது கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில். சினை மாடாச்சே என்று கால்சியம் டானிக் ஊற்றி, கால்சியம் மிகுந்த அகத்தித் தழையும் சூபாபுல் (சவுண்டல்) தழையும் அள்ளிப் போடுவார்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும். 10 லிட்டர் சீம்பாலில் சுமார் 23 கிராம் கால்சியம் போகும். ரத்தத்தில் இருப்பதோ 3 கிராம் அளவுதான். அதனால்தான் ஈன்ற மூன்று நாளுக்குள் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. காது சில்லிடும், மாடு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடக்கும். மருத்துவர் வரும்வரை பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சு தரையில் படும்படி முட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கால்சியம் ஊசியை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவது மருத்துவர் வேலை. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். ஆகவே அந்த மூன்று வாரம் டானிக் கிடையாது, அகத்தி பெயருக்கு மட்டும். தாது உப்பைத் தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஈன்ற அன்றிலிருந்து முழு அளவு.

ஈன்று சில வாரத்தில் மாடு வைக்கோலைத் தின்றுகொண்டே அடர்தீவனத்தை ஒதுக்கி, மெலிந்து, மூச்சில் இனிப்பு வாடை வந்தால் அது கீட்டோசிஸ், அதாவது ரத்தத்தில் சர்க்கரை குறைந்து உடம்புக் கொழுப்பு கரையும் நோய். இதற்குத் தாது உப்பு மருந்தாகாது. சாயல்குடிக் கருப்பட்டியும் ஆகாது. அந்தச் சர்க்கரை ரத்தத்தில் சேருமுன் முதல் வயிற்றிலேயே புளித்துவிடும். ரத்தச் சர்க்கரையை ஏற்றும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவ மருந்தை எத்தனை நாள், எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் எழுதித் தருவார்.