காவடி நாளுக்கு முன்பே சின்னக் கேமராவைப் பழகிக்கொள்ளுங்கள்

இங்கே மொரீஷியஸில் தைப்பூசத்தன்று தம்பி மகன் முதல்முறை காவடி எடுத்தபோது 40 படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒன்றில்கூட அவன் முகம் தெளிவாக இல்லை. பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கிறது, முகம் இருட்டாக இருக்கிறது. பத்து நாள் விரதம் இருந்து பால்குடத்தோடு நடந்த பிள்ளையின் முகம் அது. கையடக்க டிஜிட்டல் கேமராவில் அந்த முகத்தை எப்படிப் பிடிப்பது என்று அப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தின நாளே பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருவதில்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். கிட்டே வேண்டுமென்றால் நான்கு எட்டு முன்னால் நடங்கள்.

அடுத்தது பட்டனை அழுத்தும் விதம். புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். பாதி அழுத்தி நிறுத்துங்கள். திரையில் சின்னச் சதுரம் பச்சையாகும், பல கேமராக்களில் 'பீப்' என்று சத்தமும் வரும். ஃபோகஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். விரலை எடுக்காமல் மீதியை மெதுவாக அழுத்துங்கள். வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்து இருபது தடவை செய்து பாருங்கள், விரலுக்குப் பழகிவிடும்.

இனி வெயில். மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி தெற்கே இருக்கிறது. தைப்பூசம் இங்கே கோடையில் வருவதால் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். மயிலிறகும் பூவும் கட்டிய காவடி வளைவின் நிழல் நேராக முகத்தில் விழும். வெளிச்சமான வானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற கேமரா, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பகலிலேயே ஃப்ளாஷ் போடுவது. ஃப்ளாஷ் பட்டனை அழுத்தி, மின்னல் குறி மட்டும் இருக்கிற நிலைக்கு மாற்றுங்கள். பக்கத்தில் 'ஏ' எழுத்து இருந்தால் அது தானியங்கி, வெயிலில் பெரும்பாலும் எரியாது. இந்த வெளிச்சம் சுமார் 3 மீட்டர்தான் எட்டும், ஆனால் அந்தத் தூரத்துக்குள் கண்ணின் கீழ் விழும் கருநிழல் குறையும், கன்னத்தில் குத்திய வேல் மின்னும். அருள் வந்து ஆடுபவரின் கண்ணுக்கு நேரே மட்டும் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

இன்னொன்று, கூட்டல் கழித்தல் குறி உள்ள பட்டன். அதில் +0.7 அல்லது +1 வைத்தால் படம் வெளிச்சமாகும். வானம் கொஞ்சம் வெளுத்துப்போகும், போகட்டும். முகம்தான் முக்கியம். வேலை முடிந்ததும் மறக்காமல் 0-வுக்குத் திருப்புங்கள்.

என்னைக் கேட்டால், காலை ஊர்வலம் கிளம்பும் நேரமே நல்லது. வெயில் சாய்வாக வரும்போது காவடி எடுப்பவர்களின் இளஞ்சிவப்பு உடையும், நடப்பவர்கள் பாதம் சுடாமல் இருக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்த தார்ச்சாலையும் பளிச்சென்று வரும். முழங்கால் போட்டுக் கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள். ஈரச் சாலையில் காவடியின் நிறம் தெரியும்.

கோவிலுக்குள் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் ஃப்ளாஷை அணையுங்கள். தீபாராதனையின் மஞ்சள் வெளிச்சத்தை அது அழித்துவிடும். வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை 400 அல்லது 800 வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் சின்னக் கேமராக்களில் புள்ளி புள்ளியாக வரும். கேமராவைத் தூணில் அழுத்திப் பிடித்து, 2 வினாடி டைமரைப் போடுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் அந்த இரண்டு வினாடியில் அடங்கிவிடும். தட்டு மேலே போய் ஒரு கணம் நிற்குமே, படம் அப்போது விழும்படி கொஞ்சம் முன்னாலேயே அழுத்துங்கள்.