வெட்டி முடித்த பீட் சதுப்புக்கு ஆய்வு நிதி கேட்பது எப்படி

பீட் (சதுப்பில் செடிகள் முழுதாக மக்காமல் படிந்த மண், எரிபொருளாக வெட்டுவார்கள்) எடுத்துத் தீர்ந்த நிலத்தைக் காட்டி, "இதை என்ன செய்யலாம் என்று ஆராய வேண்டும்" என்று எழுதினால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே விழும். "40 ஹெக்டேர், எஞ்சிய பீட் 60 செ.மீ., அடியில் சுண்ணாம்புக் களி. நீர்மட்டத்தை ஏற்றினால் நாணல் நிற்குமா, கரியமில வாயு எவ்வளவு குறையும்?" என்று கேட்டால் படிப்பார்கள். அதற்கு எழுத உட்காரும் முன்பே நிலத்தை அளந்திருக்க வேண்டும்.

முதலில் ஆழம். 50 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, கெட்டி மண் தட்டும் வரை இரும்புக் கம்பியை இறக்குங்கள். அதே புள்ளிகளில் மண் எடுத்து pH (புளிப்பின் அளவு, 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) பாருங்கள். மேல்பீட் புளிப்பானது, pH 4 சுற்றி இருக்கும். அயர்லாந்தின் நடுநாட்டில் அதை வெட்டியெடுத்த பின் அடியில் எஞ்சுவது பெரும்பாலும் நாணல் மக்கிய பீட்டும் சுண்ணாம்பும்தான். அங்கே pH 6-ஐத் தாண்டுவது சாதாரணம். மேல்பீட்டை உருவாக்கும் ஸ்பேக்னம் பாசி அதில் பெரும்பாலும் பிழைக்காது. பாசி வளர்ப்பை முன்மொழிந்து pH அட்டவணை வைக்காத விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர் நம்பமாட்டார்.

அடுத்தது நீர்மட்டம். துளையிட்ட பிவிசி குழாயைத் துணியுறை போட்டு, அடிமண் வரை இறக்கி ஊன்றுங்கள். பீட் ஈரத்துக்கு உப்பும், வறட்சியில் சுருங்கும்; அதில் மிதக்கும் குழாய் தானும் ஏறி இறங்கித் தவறான அளவு காட்டும். மணிக்கொரு முறை நீரின் அழுத்தத்தைப் பதியும் கருவி போதும். ஆனால் காற்றழுத்தத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும். இல்லையென்றால் புயலில் காற்றழுத்தம் விழுந்த நாளை நீர்மட்டம் இறங்கிய நாள் என்று படிப்பீர்கள். குறைந்தது ஓராண்டுப் பதிவு, அதில் ஒரு முழுக் கோடை.

பலன் கணக்குக்கு ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2013-இல் தந்த இயல்புநிலை எண் இருக்கிறது: பீட் எடுக்கும் நீர் வடித்த நிலத்திலிருந்து, மிதவெப்ப மண்டலத்திலும் அதற்கு வடக்கேயுள்ள குளிர் (போரியல்) மண்டலத்திலும், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு வெளியேறுவது 2.8 டன் கார்பன், அதாவது சுமார் 10 டன் கரியமில வாயு. இதைத் தொடக்க மதிப்பாக மட்டும் காட்டுங்கள். நீரை மேற்பரப்புக்கு 10 செ.மீ. கீழே நிறுத்துவது நல்ல இலக்கு. மேலே தேங்கவிட்டால் மீத்தேன் எகிறும். மீத்தேன் பற்றிய வரியைத் தவிர்ப்பவர்கள் அதிகம், கேள்வி வருவதும் அங்கேதான். வாயு அளக்கக் கருவி பொருத்திய கோபுரம் பல ஹெக்டேரைச் சேர்த்துப் பார்க்கும், வெவ்வேறு நீர்மட்டத்தையோ பயிரையோ ஒப்பிடும் சிறு பாத்திகளைப் பிரித்துக் காட்டாது. பாத்திகளுக்கு, தரைமேல் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளக்கும் மூடுபெட்டிதான், அதற்கு ஆள்கூலி அதிகம், குளிர்காலத்தையும் விடக்கூடாது. பாத்திகளுக்கு இடையே இடைவெளி விடாவிட்டால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குக் கசிந்து ஒப்பீடே கெடும்.

நிதியைத் தேர்வது எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியான ஹொரைசன் யூரோப்பின் ஆய்வுத் திட்டங்கள் தகுதியான செலவில் 100% தரும், மேற்செலவு (அலுவலகம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவு) 25% (துணை ஒப்பந்தத் தொகைக்கு அது கிடையாது). பொதுவாக மூன்று நாடுகளிலிருந்து மூன்று தனித்தனி அமைப்புகள் வேண்டும். அதே ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் நிதியான லைஃப் திட்டம் பெரும்பாலும் 60% வரைதான், மேற்செலவு 7%. செய்து காட்டும் வேலைக்கு அது பொருத்தம், வெறும் அளவீட்டுக்கு அல்ல. மீதி 40% யார் தருகிறார்கள் என்ற கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

அயர்லாந்தில் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும்: இதில் புதிது என்ன? அரசு பீட் நிறுவனமான போர்ட் னா மோனா 2021 ஜனவரியில் பீட் எடுப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முன்பே 33,000 ஹெக்டேர் சீரமைப்புக்கு 10.8 கோடி யூரோ பொதுநிதி அறிவிக்கப்பட்டிருந்தது. மேயோ மாவட்டத்தில் பீட் வெட்டிய பெல்லகோரிக் நிலத்தில் காற்றாலை 1992-லேயே வந்துவிட்டது. ஆக, நீர்மட்டத்தை ஏற்றி நிலத்தை நனைப்பதும் காற்றாலையும் புதுமையில்லை. நனைந்த நிலத்தில் என்ன பயிர், அதன் அறுவடைப் பொருளுக்கு வாங்குபவர் யார் என்பதே இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

பிறகு நாட்காட்டி. அங்கே மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை செடிகொடி வெட்டக் கட்டுப்பாடு உண்டு. குளிர்காலத்தில் இயந்திரம் புதையும். வாய்க்கால் அடைக்க உகந்தது செப்டம்பர், அக்டோபர்தான். திட்டம் நவம்பரில் தொடங்கினால் ஓராண்டு வீண். பக்கத்து நிலத்தவரின் பீட் வெட்டும் உரிமையைப் பதிவேட்டில் முன்பே தேடுங்கள். அவர்கள் நிலம் நனையாதபடி எல்லை வாய்க்காலைத் திறந்தே விடுங்கள். நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் திட்ட முடிவுக்குப் பிறகும் செல்லட்டும்: பாசி நிலத்தை மூடவே பல ஆண்டுகள் ஆகும், மூன்றாண்டு நிதியோ அதற்கு முன்பே முடிந்துவிடும்.