சூப்பர் மார்க்கெட் பார்மசியில் ரெசிடென்சி: கவுன்டருக்குள்ளேயே நின்றுவிடாதீர்கள்

அமெரிக்காவில் பார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டம் முடித்தவர்களுக்குக் குரோகர், எச்-இ-பி மாதிரியான சூப்பர் மார்க்கெட்டுகளின் பார்மசியிலும் 12 மாத ரெசிடென்சி, அதாவது பணியிடப் பயிற்சி உண்டு. பட்டத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டு என்ற பொருளில் பிஜிஒய்1 என்பார்கள். இதில் சேர்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கவுன்டருக்குள்ளேயே ஆண்டைக் கழிப்பது. வந்திருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்று அவருடைய தள்ளுவண்டியே காட்டிக்கொடுக்கும் இடம் இது.

ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இரண்டு மாத்திரை சாப்பிடுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று மாற்று உப்பு டப்பா ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பல பிராண்டுகளில் கால் டீஸ்பூனிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைப்பவை. அளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பில் போடாத மருந்தையும் மளிகையையும் பார்மசி கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. “வேறு மருந்து ஏதாவது?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். உப்பு, சளி மாத்திரை, கால்சியம், இரும்புச் சத்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்ற பேச்சே அப்போதுதான் எழும்.

ரத்த அழுத்தத்தை நின்ற வாக்கில் பார்த்து அனுப்புவது அடுத்த தவறு. கார் நிறுத்துமிடத்திலிருந்து வேகமாக நடந்து வந்தவருக்கு அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி டாக்டருக்குக் குறிப்பு அனுப்பினால் தேவையில்லாமல் மருந்து ஏறும். 5 நிமிடம் உட்காரவையுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஆள் பற்றாக்குறையான கடையில் ரெசிடென்ட்தான் முதலில் மாத்திரை எண்ணப் போவார். ஆகவே நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் வழக்கமான ஷிஃப்ட்? ரெசிடென்ட் செய்ய வேண்டிய ஆய்வு ப்ராஜெக்டுக்கு எந்த நாள்? வழிகாட்டி இதே கடையில் இருப்பாரா? கேட்கத் தயங்குவது பணிவு ஆகாது.

பார்மசிஸ்ட் உரிமத்துக்கான நாப்ளெக்ஸ் தேர்வையும் மாநிலச் சட்டத் தேர்வையும் தள்ளிப்போடாதீர்கள். 12 மாதத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உரிமம் பெற்ற பார்மசிஸ்டாக இருந்தாக வேண்டும்.

ப்ராஜெக்ட் பெரும்பாலும் கெடுவது ஒரே காரணத்தால்: புதிய சேவையைத் தொடங்கிவிட்டு, தொடங்குவதற்கு முந்தைய நிலையைப் பதிவு செய்யாமல் விடுவது. ரெசிடென்ட்கள் ஆய்வை முன்வைக்கும் வசந்த கால மாநாட்டில் ஒப்பிட்டுக் காட்ட ஒன்றுமே இருக்காது. ஒரு கடை, ஒரு கேள்வி போதும். ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்தை எடுக்காத சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு ஆகஸ்டிலேயே முயலுங்கள். அக்டோபர் வந்தால் ஃப்ளூ ஊசி வரிசை உங்களை நிமிரவிடாது.

விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று. மேட்ச் என்பது விண்ணப்பதாரர், பயிற்சி இடம் இரு தரப்பின் விருப்பப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை. அந்தப் பட்டியலில் எந்த இடம் நம்மை எடுக்கும் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்தாதீர்கள். உங்கள் விருப்ப வரிசையையே கொடுங்கள். முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதால், போக மனமில்லாத இடத்தை எழுதவே வேண்டாம். இந்தியாவில் படித்தவர்களுக்கு வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் எஃப்பிஜிஇசி சான்றிதழ் தேவை. 2003-க்குப் பிறகு முடித்த நான்காண்டு பி.பார்ம். அதற்குப் போதாது; ஆறாண்டு பார்ம்.டி. படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.