போர்ட் பைப்பை எந்த நீளத்துக்கு வெட்டுவது?

பேஸைக் கூட்டிக் கொடுக்க ஸ்பீக்கர் பாக்ஸில் ஓட்டை போட்டுச் செருகும், இருபுறமும் திறந்த குழாய்தான் போர்ட். "எட்டு இன்ச் ஸ்பீக்கருக்கு எவ்வளவு நீளத்துக்குப் பைப் போடணும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி மூன்று விஷயம் கேட்பேன். பாக்ஸுக்குள் எத்தனை லிட்டர் காற்று நிற்கிறது? பைப்பின் உள்விட்டம் என்ன? எத்தனை ஹெர்ட்ஸில் டியூன் செய்யப் போகிறீர்கள், அதாவது போர்ட் காற்று எந்த ஹெர்ட்ஸில் பலமாக அதிர வேண்டும்? இவற்றைக் கேட்காமலே நீளம் சொல்பவர் பேச்சை நம்பி ஹேக்சா பிளேடைக் கையில் எடுக்காதீர்கள்.

ஹெர்ட்ஸை ஸ்பீக்கரின் டேட்டா ஷீட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதில் எஃப்.எஸ். (பாக்ஸ் இல்லாமல் ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். க்யூ.டி.எஸ். 0.4 பக்கம் இருந்தால் எஃப்.எஸ்.ஸை ஒட்டியே டியூன் செய்யலாம். 0.6, 0.7 என்று இருந்தால் போர்ட்டே வேண்டாம். மூடிய பாக்ஸ்தான் அதற்குச் சரி. போர்ட் வைத்தால் பேஸ் தொம்மென்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து லிட்டர். உள் அளவு 30 × 30 × 47 செ.மீ. என்றால் 42.3 லிட்டர். மேக்னெட், உள்ளே அடித்த தாங்கு சட்டம், பைப் எல்லாம் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 40 நிற்கும். கணக்குக்கு அந்த 40-தான்.

பைப்பில் ஏமாறுவது சுலபம். ஹார்டுவேர் கடையில் 75 எம்.எம். என்று தரும் பி.வி.சி. பைப்பில் 75 என்பது வெளிவிட்டம். உள்ளே 70 போல வரும். கனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. உள்விட்டத்தை செ.மீ.யில் எடுத்து அதன் வர்க்கத்தை 23,562-ஆல் பெருக்குங்கள். அதை ஹெர்ட்ஸின் வர்க்கத்தாலும் லிட்டராலும் வகுங்கள். வரும் விடையிலிருந்து உள்விட்டத்தின் 0.732 மடங்கைக் கழியுங்கள். பைப்பின் இரு வாயிலும் கொஞ்சம் காற்று சேர்ந்து அசைவதால்தான் இந்தக் கழிவு. 7 செ.மீ., 40 ஹெர்ட்ஸ், 40 லிட்டர் என்றால் 18.04-இல் 5.12 போக 12.9 செ.மீ.

அதே பாக்ஸில் 110 எம்.எம். பைப் போட்டால்? உள்விட்டம் 10.4 என்று வைத்தால் நீளம் 32 செ.மீ. ஆகிவிடும். 30 செ.மீ. ஆழப் பாக்ஸில் நேராக நுழையாது. எல்போ போட்டு வளைக்க வேண்டும், நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். இருந்தாலும் சத்தமாகக் கேட்பவர்களுக்குப் பெரிய பைப்பையே சொல்வேன். சின்ன பைப்பில் காற்று வேகமெடுத்துப் புஸ்ஸென்று சீறும், பாட்டே கெடும்.

75 எம்.எம்.மில் இரண்டு பைப் வைப்பவர்கள் இரண்டையும் 12.9-க்கு வெட்டினால் டியூனிங் 57 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஒவ்வொன்றும் 31 செ.மீ. இருக்க வேண்டும்.

கணக்கில் வந்த அளவுக்கே வெட்டிவிடாதீர்கள். நான்கு செ.மீ. கூட விட்டு, 17 செ.மீ.க்கு வெட்டுங்கள். பசை வேண்டாம், பைப்பில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டையில் இறுக்கமாகச் செருகினால் போதும். உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே பைப்பின் விட்டம் அளவாவது இடைவெளி இருக்கட்டும். வயர் டெர்மினல் ஓரத்தில் காற்றுக் கசிந்தால் முதலில் அதை அடையுங்கள்.

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, குறைந்த வால்யூமில் 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வாருங்கள். கோன் (ஸ்பீக்கரின் முன்னால் ஆடும் கூம்பு) மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அதன் ஆட்டம் நன்றாகத் தெரியும். இறங்க இறங்க ஓர் இடத்தில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதே நேரம் போர்ட் வாயில் பிடித்த காகிதத் துண்டு படபடக்கும். டியூனிங் அதுதான். 17 செ.மீ. பைப்பில் இது 36 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். பைப்பை உருவி, உள்முனையில் அரை செ.மீ. அறுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். 13 செ.மீ.யை நெருங்கும்போது ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு ஹெர்ட்ஸ் ஏறும். 40-இல் நின்றால் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, இரு வாயின் விளிம்பையும் உருட்டிவிட்டு, பிறகு பசை போடுங்கள்.

அப்புறம், 40-க்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த காற்றின் எதிர்ப்பு இருக்காது, அது தாறுமாறாக ஆடும். ஆம்ப்ளிஃபயரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டிவிடும் வசதி) இருந்தால் 30 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள்.