அற்புதத்துக்கு அடுத்த வசனம்: சுவிசேஷப் பிரசங்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செத்துப்போன யவீருவின் மகள் இயேசுவின் சொல்லுக்கு எழுந்து நடந்ததும் நம் பிரசங்கம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. "தலீத்தாகூமி", அதாவது "சிறு பெண்ணே, எழுந்திரு" என்று குரலை உயர்த்துகிறோம், சபை அல்லேலூயா சொல்கிறது, பாட்டு தொடங்குகிறது. மாற்கு அங்கே நிறுத்தவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி இயேசு சொன்னார் என்று எழுதிவிட்டுத்தான் அதிகாரத்தை முடிக்கிறார் (மாற்கு 5:43). பெற்றவர்கள் திகைத்து நிற்கிறார்கள், கூட வந்த சீஷர்களும் திகைத்து நிற்கிறார்கள். பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் மாலை நேர வீட்டுக் கூட்டத்துக்கு வரும் பெண்களில் பலர் பகலெல்லாம் நடவு நட்டவர்கள். உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் பாயில் வந்து உட்காருகிறவர்கள். "அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்" என்ற சொல் அவர்கள் நெஞ்சில் நேராக இறங்கும். அதை விட்டுவிட்டு வல்லமையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினால், இயேசுவின் கையைக் காட்டியிருப்போம், முகத்தைக் காட்டியிருக்க மாட்டோம்.

சுவிசேஷங்களில் அற்புதம் நடந்த பிறகு ஏறக்குறைய எப்போதும் ஒரு சொல்லோ செயலோ உண்டு. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பின், ஒன்றும் சேதமாய்ப் போகாதபடி மீதித் துணிக்கைகளைச் சேர்க்கச் சொல்கிறார். பிசாசுகள் நீங்கிய கதரேனர் நாட்டு மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்புகிறார். கானாவூரில் ஆறு கற்சாடித் தண்ணீர் திராட்சரசமானது எப்படி என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. காவிரித் தண்ணீர் வாய்க்காலில் வருமா என்று பார்த்துக் காத்திருக்கும் ஊரில், தண்ணீர் சுமந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! இந்த வசனங்களைத் தாண்டிப் போவதைத்தான் தாய்த் தவறு என்பேன். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

அதில் உயிருக்கே ஆபத்தான தவறு, மாத்திரையை நிறுத்தச் சொல்வது. "ஜெபித்தாயிற்று, இனி எதற்கு மருந்து" என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், மருந்து சாப்பிடுகிறவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்று தொனிக்கும்படி பேசினாலே போதும். சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டுவிடுவார். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் "சுகமாயிற்று" என்று சாட்சி சொல்ல வைத்து நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் தொற்றும்.

குஷ்டரோகி சுத்தமானபோது இயேசு என்ன சொன்னார் என்று பாருங்கள். ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றார் (மாற்கு 1:44). லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, குணமானதாகச் சொல்கிறவனை ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும். அதன்பின் ஏழு நாள் அவன் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும், எட்டாம் நாள் காணிக்கை. தாமே குணமாக்கிய மனிதனைக்கூட அன்றைக்குப் பரிசோதிக்க வேண்டியவரிடம் அனுப்பியவர் அவர். அதனால் சுகம் கிடைத்ததாக ஒருவர் வந்து சொன்னால், "ஸ்தோத்திரம், டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், அவர் சொல்லும்வரை மாத்திரையை விடாதீர்கள்" என்று சொல்வதுதான் வேதத்தின்படி நடப்பது. பிணியாளிக்கு வைத்தியன் வேண்டும் என்பதும் இயேசுவின் வாயிலிருந்து வந்த வார்த்தைதான்.

சுகம் கிடைக்காதவரை "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லி அனுப்புவதும் இதே கொடுமையின் இன்னொரு முகம். முப்பத்தெட்டு வருஷம் வியாதியாயிருந்து பெதஸ்தா குளத்தருகே படுத்திருந்தவன் ஒரு விசுவாச வார்த்தையும் சொல்லவில்லை. தன்னைக் குணமாக்கியவர் யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது (யோவான் 5:13). திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகனும் குணமானான். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். இத்தனையும் திறந்த வேதத்தில் இருக்கும்போது, படுக்கையில் கிடப்பவரின் தலையில் குற்றத்தைச் சுமத்த நமக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கடற்கரைக் கிராமங்களில் பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இயேசு கடலை அமர்த்திய பகுதியை நாகப்பட்டினத்துப் பக்கம் அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ வாசிக்கும்போது, கேட்கிறவர்களில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்; வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களையும் அலை வாரிக்கொண்டு போனது. "இயேசு படகில் இருந்தால் புயல் வராது" என்று அங்கே சொல்லக் கூடாது. வசனமும் அப்படிச் சொல்லவில்லை. அக்கரைக்குப் போவோம் என்று அவர் சொல்லித்தான் சீஷர்கள் கிளம்பினார்கள், அவர் இருந்த படகில்தான் தண்ணீர் ஏறியது. சுனாமியைப் பாவத்தின் தண்டனை என்று விளக்க முற்படுகிறவர்கள் லூக்கா 13-ஐ வாசிக்க வேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று அவரே பதில் சொல்லியிருக்கிறார்.

மீனவர்களிடம் பேசும்போது விவரமும் சரியாக இருக்க வேண்டும். கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றியிருக்கும் மேட்டிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். 1986-ல் வறட்சியில் நீர் வற்றியபோது, ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படகு ஒன்று சேற்றிலிருந்து கிடைத்தது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டத்தட்ட நம் பைபர் படகு அளவு என்று சொல்லிப் பாருங்கள், அதில் காற்றில் மாட்டினால் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களே உங்களுக்கு விளக்குவார்கள். கூடவே வேறு படவுகளும் போயின என்று மாற்கு 4:36 சொல்கிறது. காற்று அமர்ந்தபோது அந்தப் படகுகளுக்கும்தான் அமர்ந்தது. இதை யாராவது பிரசங்கித்துக் கேட்க எனக்கு நெடுநாள் ஆசை.

நாலு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் கலப்பது அடுத்தது. அப்பமும் மீனும் கொண்டுவந்த பையன் யோவானில் மட்டும் வருகிறான். பசும்புல் மாற்குவில். ஸ்திரீகளும் பிள்ளைகளும் ஐயாயிரத்தில் சேராதவர்கள் என்று சொல்பவர் மத்தேயு. ஒரே சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஐந்து அப்பம் என்றால் ஐம்புலன், இரண்டு மீன் என்றால் இன்னது என்று உருவகம் பிரிக்க ஆரம்பித்தால் பசித்த ஜனம் காணாமல் போய்விடும்.

மகதலேனா மரியாளை விபசாரி என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். அவளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்றுதான் லூக்கா 8:2 சொல்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் வரும் பாவியான ஸ்திரீக்குப் பெயரே இல்லை. இருவரையும் ஒருவராக்கிப் பேசும் வழக்கம், போப் முதலாம் கிரிகோரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த பிரசங்கத்தால் வலுப்பெற்றது.

இங்கே கேட்கிறவர்களைக் குறைவாக எடைபோடவும் கூடாது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார், 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். தஞ்சாவூரில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் இதே கதைகளைக் கீர்த்தனையாகப் பாடினார். முந்நூறு வருஷமாக இந்த மண்ணில் சுவிசேஷம் தமிழில் வாசிக்கப்படுகிறது. மூன்றாவது வரிசைப் பாட்டிக்கு யோவான் ஆறாம் அதிகாரம் மனப்பாடம். நீங்கள் சேர்த்த வசனம் எது, விட்ட வசனம் எது என்று அவருக்குத் தெரியும்.

பிற மதத்தாரின் கடவுள்களை இழுத்து ஒப்பிட்டுப் பேசுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளாங்கண்ணிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள், நாகூர் தர்காவுக்கு எல்லோரும் போகிறார்கள். இந்தக் கரையின் பழக்கம் அது. சுவிசேஷத்தில் இயேசு வியந்து பாராட்டிய விசுவாசம் ரோம நூற்றுக்கு அதிபதியினுடையது, கானானிய ஸ்திரீயினுடையது. வெளியே இருப்பவர்களை இகழ்ந்துவிட்டு அந்தப் பகுதிகளைப் பிரசங்கிக்க முடியாது.

கடைசியாக, சாட்சி. சுகம் பெற்றவரை மேடையேற்றி, மைக்கைக் கையில் திணித்து, போனில் படம் பிடித்து அன்றிரவே பரப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கருப்பை நோய், மனநோய், குடிப்பழக்கம் எல்லாம் ஊரறிய வந்துவிடுகிறது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். செவிடனும் கொன்னைவாயனுமானவனை இயேசு கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போனார் (மாற்கு 7:33). பெத்சாயிதாவின் குருடனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். பார்வை தெளிந்ததும், ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே என்று வீட்டுக்கு அனுப்பினார். எனவே சாட்சி சொல்லலாமா என்று அவரிடம் கூட்டம் கலைந்த பிறகு, தனியாக, வீட்டார் முன்னிலையில் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பக் கேட்காதீர்கள். சரி என்றாலும் நோயின் பெயரைச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், போன்கள் பைக்குள் இருக்கட்டும்.