டொலர் 203இல் நின்றபோது நாங்கள் விட்ட பிழைகள்

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை இலங்கையில் டொலர் 200, 203 ரூபா என்று அசையாமல் நின்றது. அசையவில்லைதானே என்று நம்பியதுதான் முதல் பிழை. அது மத்திய வங்கி இழுத்துப் பிடித்து வைத்திருந்த விலை. அந்த விலைக்கு டொலர் தாருங்கள் என்று வங்கியில் கேட்டால் கையை விரித்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் உணவுக் கொள்கலன்கள் டொலருக்காகத் தேங்கிக் கிடந்தன. வங்கிக்கு வெளியே, பதிவில்லாமல் காசு அனுப்பிக் கொடுக்கும் உண்டியல்காரரோ ஒரு டொலருக்கு 240 ரூபாவுக்கு மேல் கொடுத்தார்கள். மார்ச் 7இல் பிடி தளர்ந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. நெருக்கடிக் காலத்தில் விலைப்பலகையைப் பார்ப்பதைவிட, "இந்த விலைக்கு இன்றைக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்பது புத்தி. நாட்டின் டொலர் கையிருப்பையும் பார்க்கவேண்டும். பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதி அமைச்சர் அலி சப்ரி அந்த மே மாதம் பாராளுமன்றத்திலேயே சொன்னார்.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிர். 360ஐக் கண்டதும் "இனி 500தான்" என்று நிலையான வைப்பை உடைத்து டொலர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூன் தொடக்கத்தில் டொலர் 300க்குக் கீழே வந்தது. இடையில், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியதால் வைப்பு வட்டி 20 சதவீதத்தையும் கடந்தது. அதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் இதையெல்லாம் யார் நிதானமாகக் கணக்குப் பார்த்தார்கள், இப்போது சொல்வது சுலபம். பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்புச் செலவு, மருந்து என்று நாள் குறித்த தேவை இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். தேவையில்லாதவர் பயத்துக்காக வாங்கக்கூடாது என்பதே என் எண்ணம்.

200இலிருந்து 360 ஆனதும் "ரூபா 80 சதவீதம் விழுந்துவிட்டது" என்று படித்தவர்களே சொன்னார்கள். ஏறியது டொலர், அதுதான் 80 சதவீதம். ரூபா இழந்தது ஏறக்குறைய 44 சதவீதம். தலைப்பைப் படித்துப் பதறுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உண்டியல் விலை ஆசை காட்டும். ஆனால் கனடாவிலோ கட்டாரிலோ கொடுத்த காசுக்குத் துண்டுச் சீட்டும் இருக்காது. நடுவில் நிற்பவர் தொலைபேசியை நிறுத்திவிட்டால் போய் முறையிட இடமில்லை. அந்த டொலர் நாட்டுக்குள் வருவதுமில்லை. ரூபாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு டொலரில் கடன் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. செய்தியில் வாசிப்பது பெரும்பாலும் வங்கி டொலரை விற்கும் விலை. ஊருக்கு அனுப்பும் காசுக்கு வங்கி கணக்குப் போடுவது அது டொலரை வாங்கும் விலையில். குழப்பமான நாட்களில் இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி அகலும், வங்கிக்கு வங்கி வேறுபடவும் செய்யும். பெரிய தொகை என்றால் அனுப்புகிற அன்று காலையிலேயே இரண்டு மூன்று வங்கிகளில் வாங்கும் விலையைக் கேட்டுவிடுங்கள்.